இடம் மாறி மிதித்த கம்பளி

என் பெயர் அஞ்சலை, வயது எழுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. கணக்கு இடிக்கிறதே என்று பார்க்காதீர்கள், அந்த ஐந்தாவது எப்படி வந்தது என்பதைப் போகிற போக்கில் சொல்கிறேன். பஸ் பலகை படிப்பேன், என் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவேன். அதற்கு மேல் எழுத்து எனக்குத் தேவைப்பட்டதில்லை. இப்போது நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாளாம். எழுதட்டும். ஆட்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசினபடியே எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பூதலூர் ரயிலடிக்குத் தெற்கே இருக்கும் கம்பளிக் கொட்டகையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களே, இது உங்களுக்குத்தான். போன மாதம் உங்கள் மேனேஜர் தம்பி வீடு தேடி வந்தார். "அம்மா, புதுசா வந்த பொண்ணுங்களுக்கு நீங்க ஒரு நாள் வந்து பேசணும்" என்றார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "வார்த்தைய வேணா அனுப்புறேன் தம்பி, கால அனுப்ப முடியாது" என்றேன். சிரித்தார். அந்தக் கொட்டகை நின்றதே இந்தக் காலால்தான் என்பது தெரிந்து சிரித்தாரா, தெரியாமல் சிரித்தாரா, கேட்கவில்லை.

உங்களுக்கு இப்போது ஊசி மிஷின் இருக்கிறது. ஒரு பக்கம் ரோமத்தைப் போட்டால் மறுபக்கம் கம்பளியாக வருகிறது. கடைக்காரர்கள் அதை ஃபெல்ட் என்பார்கள். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் மிதிகம்பளி. நாங்கள் மிதித்தோம், அதனால் அந்தப் பெயர். தறி கிடையாது, பாவு கிடையாது, ஒரு முடிச்சுகூடக் கிடையாது. அடித்துப் பஞ்சாக்கிய ஆட்டு ரோமத்தைக் கோரைப்பாயில் பரப்பி, சுடுதண்ணீரும் சவுக்காரமும் தெளித்து, பாயோடு சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டுவோம். இரண்டு பேர் அந்தச் சுருளின் மேல் பக்கத்துக்குப் பக்கம் நின்று, தலைக்கு மேலே குறுக்கே போட்ட மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, மிதித்து மிதித்து உருட்டுவோம். சூட்டிலும் ஈரத்திலும் ரோமம் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். கவ்வினால் கவ்வினதுதான், பிரிக்க முடியாது. மற்றச் செய்முறையை எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது அதை அல்ல.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். பெயர் கேட்டால், "மேஸ்திரின்னு கூப்பிடுங்கோ, போதும்" என்பார். கடைசி வரைக்கும் அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் வயல் வேலையிலிருந்து வந்தவர்கள். எங்களிடம் அவர் அதிகம் பேச மாட்டார். தப்புச் செய்வதற்கு முன்னால் தடுக்கவே மாட்டார். செய்து முடித்த பிறகு பக்கத்தில் வந்து நின்று மீசையைத் தடவுவார்.

முதல் முதலாக நாங்கள் மிதித்த கம்பளி எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம் வேண்டும் என்று தரையில் கரிக்கோடு போட்டுக் காட்டினார்கள். கோட்டுக்குச் சரியாக ரோமத்தைப் பரப்பினோம். அழகாக மிதித்தோம். பிரித்துக் கோட்டின் மேல் போட்டால் கம்பளி நடுவில் கிடக்கிறது, சுற்றிலும் தரை தெரிகிறது. சாண் கணக்கில் சுருங்கிவிட்டது. எங்கள் தெருச் செல்லக்கிளி எனக்குத் தங்கை முறை. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்தப் பக்கம் புடிச்சு இழு, வந்துடும்" என்றாள். இழுத்தோம். இன்னும் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். தேர் இழுப்பது போல இழுத்தோம். செல்லக்கிளிதான் மல்லாக்க விழுந்தாள், கம்பளி விரல்கடைகூட வரவில்லை. மேஸ்திரி வந்து நின்று மீசையைத் தடவினார்.

"நெல்லு அரிசியாச்சுன்னா கொறையுமா?" என்று கேட்டார்.

"கொறையும்."

"இதுவும் கொறையும். கொறையறதையும் சேத்துப் பரப்புங்கோ."

அவ்வளவுதான் பாடம். உங்கள் மிஷினிலும் அது உண்டு. கடைசியில் எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் பார்த்து எந்த வேலையையும் ஆரம்பிக்காதீர்கள்.

இனி பெரிய கதைக்கு வருகிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கழக ஆட்சி வந்து சில வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் டீக்கடைப் பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, எங்கள் தெருமுனையில் செங்கொடி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம். மிராசுதார் மறுத்தார். சம்பா அறுப்பில் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தோம். அவர் புதுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து லாரியில் ஆள் இறக்கி, போலீஸ் காவலோடு அறுத்துக்கொண்டார். கதிர் எல்லாம் களத்துக்குப் போன அன்றைக்கு வரப்பில் நின்று என்னையும் என் வீட்டுக்காரரையும் பார்த்துச் சொன்னார்.

"கொடி புடிக்கிறீங்களா, புடிங்க. பசி வரும்ல, அன்னைக்கு ஏ வாசல்ல வந்து நிப்பீங்க. நிக்க வைக்கிறேன் பாரு."

அந்த வாசலில் நிற்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும். "ஆண்டே" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பது தெரியும். நாம் நிற்பது அவருக்குத் தெரியும். வெற்றிலையை எடுப்பார், காம்பைக் கிள்ளுவார், சுண்ணாம்பைத் தடவுவார், மடிப்பார், மெல்லுவார். அத்தனையும் முடிந்த பிறகுதான் "யாருடி அது?" என்று கேட்பார். என் அம்மா அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நானும் நின்றிருக்கிறேன். இனிமேல் நிற்கக் கூடாது என்றுதான் வரப்பில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு எங்கள் தெருவுக்கு வேலைக்கு அழைப்பு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தில் பெண்களுக்கென்று இந்தக் கம்பளிச் சங்கத்தை வைத்தார்கள். ஒரு பாழடைந்த நெல் கிடங்கைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். பெரம்பலூர்ப் பக்கத்துக் கருப்பாட்டு ரோமம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் அந்தக் காலத்து வழக்கப்படி அடுக்குமொழியில் பேசினார். "தனித்துக் கிடந்தால் உரோமம், பிணைந்து கிடந்தால் உறுதி! உரோமத்துக்கே உள்ள உணர்வு ஊராருக்கு வேண்டாமா?" என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினோம். தட்டிக்கொண்டே பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், எனக்கு இணையாகத் தட்டிக்கொண்டு நிற்கிறாள் வள்ளிக்கண்ணு.

லாரியில் வந்து எங்கள் கதிரை அறுத்தவர்களில் ஒருத்தி அவள். அவள் புருஷனுக்கு ரயில்பாதையில் கேங் வேலை கிடைத்ததால் திரும்பிப் போகாமல் பாதையோரம் குடிசை போட்டுத் தங்கிவிட்டார்கள். அப்படித் தங்கின குடும்பங்கள் சில இருந்தன. அந்தப் பெண்களும் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் அம்மா தஞ்சாவூரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். சின்ன வயது, நல்ல மனசு. திறப்பு விழாப் பேச்சு அவர் மனதில் ஆழமாக இறங்கிவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு சுருளுக்கும் எங்கள் தெருவில் ஒருத்தி, ரயில்பாதையில் ஒருத்தி என்று ஜோடி போட்டார். உயரமும் உடம்பும் ஒத்த இரண்டு பேர்தான் ஒரு சுருளில் நிற்க முடியும். கொட்டகையிலேயே நெட்டையாக இருந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இந்தப் பொம்பளகூட நான் நிக்க மாட்டங்க" என்றேன்.

"ஏம்மா?"

"எங்க கதிர அறுத்தவ."

வள்ளிக்கண்ணு இடுப்பில் கை வைத்தாள். "ஒங்க கதிரா? மிராசுதாரு அவரு கதிருன்னுல சொன்னாரு? ஏத்தா, யாரு கதிருன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. முடிச்சுட்டு ஒரு ஆள் வந்து எனக்குச் சொல்லுங்க."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. எங்கள் தெருப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. சரி, நிற்கிறேன், ஆனால் வலப்பக்கம்தான் நிற்பேன் என்றேன்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். நடவு நிரையில் வலது கோடி, வரப்போரம், முதல் ஆளுக்கு உரிய இடம். அவள் நட்டுப் பின்னால் நகர்ந்தால்தான் மற்றவர்கள் நகர்வார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். எனக்குக் கல்யாணமாகி வந்த மறு வருடமே அந்த இடம் எனக்கு வந்துவிட்டது. பிள்ளை பெற்ற பருவங்களில்கூட யாரும் அதில் நின்றதில்லை, காலியாக விட்டு நட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தை, கதிர் அறுக்க வந்தவளுக்கு எப்படிக் கொடுப்பேன்?

"எந்தப் பக்கம் நின்னா என்னத்தா? ரெண்டு பக்கமும் ஆட்டு ரோமந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் இடப்பக்கம் ஏறினாள்.

நான் வலப்பக்கம் ஏறியதைப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அவரவர் சுருளில் வலப்பக்கம் ஏறிக்கொண்டார்கள். ரயில்பாதைக்காரிகள் எல்லோரும் இடப்பக்கம். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது.

எங்கள் கம்பளியை வாங்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். தஞ்சாவூரில் பம்புசெட் சாமான் வியாபாரி. அப்போதுதான் ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாமல் நிலத்தடித் தண்ணீரை எடுக்க வயலுக்கு வயல் பில்டர் பாயிண்ட் குழாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இன்ஜினிலும் சுழலும் தண்டைச் சுற்றி ஒரு கம்பளி வளையம் இருக்கும். எண்ணெய் வெளியே வராமல் பிடித்து வைப்பது அதுதான். வளையம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். கொஞ்சம் ஏறி இறங்கினால் இன்ஜின் எண்ணெயைக் கக்கிவிடும். அவர் முதல் சரக்கை விரித்துப் பார்த்தார். இந்த முனையைத் தடவினார், அந்த முனையைத் தடவினார்.

"என்னம்மா இது? ஒரு பக்கம் அப்பளமா இருக்கு, ஒரு பக்கம் அதிரசமா இருக்கு?"

எல்லாக் கம்பளியும் அப்படியே. வலப்பக்கம் மெல்லிசு, கெட்டி. இடப்பக்கம் தடிப்பு, மெத்து. சூப்பர்வைசர் அம்மாவுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. நாங்கள் மனசு ஒத்து மிதிக்கவில்லை. எங்களுக்கும் அது சரியென்றுதான் பட்டது. நாங்கள் ஒத்து மிதிக்கவில்லை என்பது உண்மைதானே? நான் வேகமாக மிதித்தால் அவள் வேண்டுமென்றே நிதானிப்பாள். அவள் வேகம் எடுத்தால் நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு நிற்பேன்.

அம்மா பாவம், என்னென்னவோ செய்து பார்த்தார். எல்லோரையும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட வைத்தார். என் சோற்றை வள்ளிக்கண்ணுவும் அவளுடைய வரகுச் சோற்றை நானும் தின்ன வேண்டும் என்றார். தின்றேன். குழம்பு நன்றாக இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. பிறகு நடவுப் பாட்டைப் பாடி, பாட்டுக்குக் கால் போட வைத்தார். அதில் நாங்கள் நிஜமாகவே ஒத்துப்போனோம். பாட்டில் பொய் மிதி மிதிக்க முடியாது, காலே கேட்காது. அன்றைக்கு ஒரே தாளத்தில் மிதித்த கம்பளியை ஆசையாகப் பிரித்தோம். வலப்பக்கம் அப்பளம், இடப்பக்கம் அதிரசம். மேஸ்திரி மீசையைத் தடவினார். அவருக்கும் அப்போது காரணம் தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

"இன்னொரு தடவ பாக்குறேன்" என்றார் வியாபாரி. "இதுவும் இப்படி வந்தா, மன்னிச்சுக்குங்க, நான் வடக்கேர்ந்து வரவழைச்சுக்குவேன்."

அவர் வாங்காவிட்டால் கிடங்கைப் பூட்டிவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து பேச்சு வந்துவிட்டது. கையிருப்பு ரோமமும் அந்த ஒரு சரக்குக்குத்தான் தேறும். இந்தச் செய்தி கொட்டகைக்குள் சுற்றி முடிப்பதற்குள் ஊருக்குள் போய்விட்டது போல. மறுநாளே மிராசுதாருடைய காரியக்காரர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"குறுவ நடவு ஆரம்பிக்குது. ஐயா ஆள் கூப்புடச் சொன்னாரு. கொடிய எறக்கிட்டு, வாசல்ல வந்து ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும். பழைய கூலிதான், இருந்தாலும் நெச்சயமான கூலி பாருங்க."

அவர் போன பிறகு செல்லக்கிளி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, ஒரு தடவ போயி நின்னாத்தான் என்னா? காலு தேஞ்சா போயிடும்?"

"நீ போறதுன்னா போடி. ஏ காலு அங்க வராது."

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டில் அடுக்குப் பானை காலியாக இருந்தது. கம்பளி நேராக வந்தால் கொட்டகை. கோணலாக வந்தால் அந்த வாசல். வேறு வழி எதுவும் இல்லை.

அடுத்த நாள் சுருளில் ஏறும்போதே எனக்குத் தலை கொதித்தது. பாட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மிதித்தோம். பாதி மிதித்திருப்போம். பாய் ஓரத்தில் பிதுங்கிய ரோமத்தை வள்ளிக்கண்ணு குனிந்து பார்த்தாள்.

"ஒன் பக்கம் பாரு. காஞ்ச வறட்டி மாதிரி."

"ஒன் பக்கம் மட்டும் என்னவாம்? புள்ளத்தாச்சிக்குப் போட்ட தலகாணி மாதிரி பொதபொதன்னு."

"நான் கட்டாந்தரையில நடந்து வளந்த காலு. மிதிச்சா நேரா விழும். ஒன் சேத்துக் காலுதான் சறுக்கிச் சறுக்கி இழுக்குது."

"யாரு காலச் சொல்றே? தழை மிதிச்ச காலுடி இது! முட்டளவு சேத்துல எருக்கந்தழைய அமுக்கி மிதிச்ச காலு! ஒன் காலு ஒலக்க. மேல விழுறதோட சரி, உள்ள எறங்காது."

"ஒலக்கையா?"

"ஒலக்கதான். நம்பலன்னா எறங்கு. ஏ எடத்துல வந்து நின்னு மிதி. கோணல் யாரு காலுலன்னு இன்னைக்குத் தெரிஞ்சு போயிடும்."

"வர்றேன். நீ எடத்த விடுவியா?"

மற்றச் சுருள்கள் எல்லாம் நின்றுவிட்டன. செல்லக்கிளி வாயில் கை வைத்தாள். வரப்போரத்தை நான் யாருக்கும் விட்டதில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது? இறங்கினேன். அவள் இறங்கினாள். அவள் பக்கம் நான், என் பக்கம் அவள்.

அதன் பிறகு நாங்கள் மிதித்தது மிதியே இல்லை, சாமியாட்டம். அவள் கால் கோணல் என்று நிரூபிக்க நான், என் கால் கோணல் என்று நிரூபிக்க அவள். சூப்பர்வைசர் அம்மா, "ஐயோ, இருக்குறதே இந்த ரோமந்தான், நிறுத்துங்கம்மா!" என்று ஓடி வந்தார். மேஸ்திரி கையை நீட்டித் தடுத்தார்.

"சூட்டுல இருக்குது. பாதியில நிறுத்தக் கூடாது. விடுங்கோ."

மிதித்து முடித்து, கயிற்றை அவிழ்த்துப் பாயைப் பிரித்தோம். நான் வலப்பக்கத்தைக் காட்ட விரலை நீட்டிக்கொண்டு குனிந்தேன். அவள் இடப்பக்கத்தைக் காட்ட விரலை நீட்டிக்கொண்டு குனிந்தாள். நீட்டின விரல் அப்படியே நிற்கிறது. காட்டுவதற்கு இடம் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சீராகக் கிடக்கிறது கம்பளி.

மேஸ்திரி மூலைக்கு மூலை கிள்ளிக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேர் காலையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எங்கள் சேற்றுக்கால் விரலால் ஊன்றி, அமுக்கி, இழுக்கும். வறண்ட பூமிக் கால் குதிகாலால் நேராக இறங்கும். இரண்டும் நல்ல மிதிதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே பக்கத்தில் விழுந்தால் கம்பளி கோணிக்கொள்ளும். நாங்கள் எவ்வளவு பிரியமாக மிதித்திருந்தாலும் கோணித்தான் இருக்கும்.

"இனிமே தெனமும் இப்படியே சண்ட போடுங்கோ" என்றார் மேஸ்திரி. "ஆனா சரியா பாதியில போடுங்கோ."

சூப்பர்வைசர் அம்மா தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து எல்லாச் சுருளிலும் பாதி மிதியில் இடம் மாறுவது சட்டமாகிவிட்டது. "எடம்!" என்று நான் குரல் கொடுப்பேன். எல்லோரும் இறங்கி ஏறுவார்கள். வியாபாரி வந்து அடுத்த சரக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "தோசைம்மா, தோசை!" என்றார். காரியக்காரர் மறுபடி சைக்கிளில் வந்தபோது பதில் சொன்னது செல்லக்கிளி. "ஐயாகிட்ட சொல்லுங்க, காலு ரெண்டும் வேலையா இருக்குதாம்."

பெண்களே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உங்கள் லைனிலும் இரண்டு பேர் ஒத்துப்போகாமல் இருப்பார்கள். சரக்கு கோணலாக வந்தால் எல்லோரும் அந்த இரண்டு பேர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். சண்டை உண்மையாக இருக்கலாம், கோணலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். இரண்டு பேரையும் ஒரே மாதிரி ஆக்கப் பார்த்து நாளைக் கழிக்காதீர்கள். பாதியில் இடத்தை மாற்றிவிடுங்கள்.

அதற்காக வள்ளிக்கண்ணுவும் நானும் அன்றைக்கே கட்டிப் பிடித்துக்கொண்டோம் என்று நினைக்காதீர்கள். தினம் சண்டைதான். அவள் புருஷனை ரயில்வேயில் வேறு ஊருக்கு மாற்றியபோது, அவள் மகள் பள்ளிக்கூடம் முடிக்கிற வரை எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தது. "ஒன் வீட்டுல விட்டுட்டுப் போறேன், ஆனா ஒன் குழம்ப ஊத்திப் புள்ளயக் கெடுத்துடாத" என்றாள். என் ஐந்தாவது அப்படித்தான் வந்தது. இதை எழுதிக்கொண்டிருக்கும் பேத்தி அந்த ஐந்தாவதின் மகள். வள்ளிக்கண்ணு புருஷன் ஓய்வு பெற்ற பிறகு இங்கேயே திரும்பி வந்து, அடுத்த தெருவில் இருக்கிறாள். இந்தக் கதையை அவளிடம் கேட்டால் இடம் மாறச் சொன்னது தான்தான் என்பாள். கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

மேஸ்திரியைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. இந்தத் தொழில் எப்படி உண்டாயிற்று என்று ஒரு நாள் அவரிடம் கேட்டோம். குளிர் நாட்டில் எவனோ ஒட்டகச் சேணத்துக்குக் கீழே ரோமத்தைப் போட்டுக்கொண்டு போனானாம். ஒட்டகம் வேர்த்து, அவன் குலுங்கி, ஊர் போய் இறங்கினால் கம்பளி தயாராக இருந்ததாம். வள்ளிக்கண்ணு விடவில்லை. "ஒட்டகம் எதுக்கு மேஸ்திரி? எங்க ஊருக் கருப்பாடு மழையில நனஞ்சு, முள்ளுல ஒரசி, முதுகுலயே கம்பளி செஞ்சுக்கிட்டுத்தான் திரியுது. பாத்துப் பழகிருப்பான்." மேஸ்திரி யோசித்துவிட்டு, "இருக்கலாம்" என்றார். பெரிய மனிதர் அவர்.

கடைசியாக ஒன்று. சில வருடம் கழித்து ஒரு குறுவைப் பருவம். அதற்குள் கூலி கூடி, எங்கள் தெருப் பெண்கள் மறுபடி நடவுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வயலுக்கு வயல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில் நேரம். நானும் வள்ளிக்கண்ணுவும் அப்போதுதான் ஒரு சுருளைச் சூடாக ஏற்றி மிதிக்க ஆரம்பித்திருந்தோம். கொட்டகை வாசலில் ஜீப் வந்து நின்றது. மிராசுதார் இறங்கினார். காரியக்காரர் கூட இல்லை, தனியாக வந்திருந்தார். உள்ளே தரை முழுக்கச் சவுக்காரத் தண்ணீர். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, அஞ்சல."

என்னை அவர் "அம்மா" போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இன்ஜின் எண்ணெயாக் கக்குதும்மா. நாத்தங்காலு காயுது. தஞ்சாவூர்ல வளையம் இல்லங்குறான், ஒங்க ஊர்லயே செய்யிறாங்களேங்குறான். ஒண்ணு குடேன்."

கொட்டகை முழுக்க என்னைத்தான் பார்த்தது. வள்ளிக்கண்ணு மூங்கிலைப் பிடித்தபடியே குரலைத் தாழ்த்தினாள். "ஏத்தா, குடுக்கப் போறியா?"

"நாத்து என்னடி பாவம் பண்ணுச்சு? அத நடப்போறதும் நம்ம பொண்ணுங்கதானே?"

"குடுக்க வேணாம்னு நான் சொல்லல. எப்பன்னுதான் கேக்குறேன்."

நான் வாசல் பக்கம் திரும்பினேன். காலை நிறுத்தவில்லை.

"சுருள் சூட்டுல இருக்குதுங்கையா. பாதியில எறங்கக் கூடாது. கொஞ்சம் நில்லுங்க, முடிச்சுட்டு வந்து தர்றோம்."

பிறந்ததிலிருந்து அவரை "ஆண்டே" என்றுதான் கூப்பிட்டிருந்தேன். அன்றைக்கு வாயில் "ஐயா" என்று வந்தது. அவருக்கும் அது காதில் விழுந்திருக்கும். நின்றார்.

நாங்கள் மிதித்தோம். செல்லக்கிளி பாட்டை எடுத்தாள். நல்ல நீளமான பாட்டாகப் பார்த்து எடுத்தாள். பாதியில் "எடம்!" என்று குரல் கொடுத்தேன், எல்லோரும் இறங்கி ஏறினார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். "எதுக்கும்மா எடம் மாத்துறீங்க?" என்று கேட்டார்.

"அப்பத்தாங்க சமமா வரும்" என்றாள் வள்ளிக்கண்ணு.

அன்றைக்கு அந்தச் சுருள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மிதி கேட்டது. கருப்பாட்டு ரோமம் சில நாள் அப்படித்தான். முடித்துவிட்டு, காலைக் கழுவி, முந்தானையில் துடைத்து, முன்பே வெட்டி வைத்திருந்த வளையம் ஒன்றை எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்ஜின் ஓடியது, நடவு நடந்தது. எங்கள் தெருப் பெண்கள் புதுக் கூலி வாங்கிக்கொண்டு நட்டார்கள்.

மேஸ்திரி அந்தக் கம்பளியைப் பிரித்துக் கிள்ளிப் பார்த்தார். கிள்ள வரவில்லை. விரலால் தட்டினார். டொக் என்றது. "ஜாஸ்தி மிதிச்சிட்டீங்கோ, பலகையாப் போச்சு" என்றார். மீசையைத் தடவவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வளையத்துக்கு ஆகாத அந்தக் கம்பளியை நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இப்போது அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் கோபத்தைக் கலக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய இடம் இது. சொல்ல மனசு வரவில்லை.

எழுதிவிட்டாயா கண்ணு? சரி, முதலிலிருந்து ஒரு தடவை படி, கேட்கிறேன். மற்றதை எல்லாம் உன் வேகத்துக்குப் படி. ஜீப் வந்து நிற்கும் இடத்துக்கு வந்ததும் மட்டும் மெதுவாகப் படி. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.